கூழாவடி எங்கே இருக்கிறது? வன்னிக் கிராமம் ஒன்றில் பெயர்களைத் தேடிப் போய்ப் பொது இடம் அமைத்த அனுபவம்

முல்லைத்தீவு மாவட்டத்தில், மாங்குளம் – முல்லைத்தீவு வீதியில் இருந்து உள்ளே திரும்பிப் போகும் ஒரு கிராமத்தில் ஏறக்குறைய இரண்டு வருடம் நடந்த வேலையின் பதிவு இது. அந்த வேலையில் நான் இணைப்பாளராக இருந்தேன். ஊரின் பெயரையும் ஆட்களின் பெயரையும் விட்டிருக்கிறேன். கூழாவடி என்பதும் நான் மாற்றி வைத்த பெயர்தான்.

பின்னணி

ஊரின் நடுவே ஒரு சிறு குளம். குளக்கட்டின் கீழே வயல், வயலைத் தாண்டினால் காடு. வன்னியின் இடப்பெயர்களைக் கேட்டாலே தண்ணீர் தெரியும்: கனகராயன்குளம், தண்ணிமுறிப்பு, விசுவமடு. குளம், முறிப்பு, மடு, மோட்டை, கேணி என்று தண்ணீர் தேங்கும் விதம் ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் வைத்திருக்கிற மண் இது.

சனம் மூன்று வழியாக இங்கே வந்து சேர்ந்தது. தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள் ஒரு பகுதி. 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வந்து காடு வெட்டிக் குடியிருந்தவர்கள் ஒரு பகுதி. போருக்குப் பிறகு காணி கிடைத்து வந்தவர்கள் மற்றப் பகுதி. கடைசிப் போரின்போது முழு ஊரும் எழும்பிப் போனது. 2009 மே மாதத்துக்குப் பிறகு, இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாம். அந்த முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட முன்பே இந்தச் சனம் திரும்பிவிட்டது.

திரும்பியபோது பற்றைக்காடும் கூரை இல்லாத சுவர்களும்தான் இருந்தன. பிறகு இந்திய வீட்டுத்திட்டம் வந்தது, வீட்டுக்கு 5 லட்சத்து 50 ஆயிரம் ரூபா வீதம். சனம் தங்கள் உழைப்பையும் கடனையும் சேர்த்து வீட்டை முடித்தது. வீடுகள் ஒன்றைப்போல ஒன்று இருந்தன. வீட்டுக்கு இலக்கம் வந்தது, ஒழுங்கைக்குப் பெயர் வரவில்லை. முன்பு பெயர்கள் இருந்தன. ஆனால் அவை மரத்தையும் மதகையும் யாரோ ஒருவரின் கடையையும் பிடித்துக்கொண்டு நின்ற பெயர்கள். மரமும் கடையும் போனதோடு பெயரும் வாயில் இருந்து மெல்ல நழுவியது.

அது வெறும் ஏக்கமாக மட்டும் இருந்திருந்தால் நாங்கள் இவ்வளவு தூரம் போயிருக்க மாட்டோம். ஒரு இரவு பிரசவ வலி எடுத்த பெண்ணை ஏற்ற வந்த அம்புலன்ஸ் பிரதான வீதியில் நின்றது. எந்த ஒழுங்கையால் திரும்புவது என்று தொலைபேசியில் சொல்லத் தெரியாமல் வீட்டார் தவித்தார்கள். கடைசியில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் போய்க் கூட்டிவந்தார். தாயும் பிள்ளையும் நலம். அந்த அரைமணித்தியாலத்தைப் பற்றி ஊரில் நெடுநாள் கதைத்தார்கள்.

முதல் முயற்சி

கலையும் டிஜிட்டல் தொழில்நுட்பமும் சேர்ந்த பொது இடம் ஒன்றை உருவாக்க எங்களுக்குச் சிறு தொகை கிடைத்தது. ஒரு இடத்தைப் பாவிக்கிற சனமே சேர்ந்து அதைத் தங்களுடையதாக ஆக்கிக்கொள்ளும் வேலையை ஆங்கிலத்தில் பிளேஸ்மேக்கிங் என்கிறார்கள். தமிழில் இட உருவாக்கம் என்று எழுதினோம். ஊரில் யாரும் அந்தச் சொல்லைப் பாவிக்கவில்லை. ‘இருக்கிற இடத்தைத் திருத்துறது’ என்றார்கள். அது எனக்கு இன்னும் சரியாகப் படுகிறது.

எந்த இடம், என்ன வேண்டும் என்று கேட்க ஒரு கூகிள் படிவம் தயாரித்து ஊரின் வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். வந்த பதில்களில் பெரும்பகுதி இளம் பொடியன்களுடையது. அதைக் கண்டும் நாங்கள் நிற்கவில்லை. கால எல்லை நெருங்கிக்கொண்டிருந்தது. பதில்களின்படி பொதுநோக்கு மண்டபத்தின் முன்பக்கத்தைத் தெரிவு செய்தோம். யாழ்ப்பாணத்தில் இருந்து ஓவியர்கள் வந்து சுவரில் பெரிய ஓவியம் கீறினார்கள். நான்கு வாங்குகள், ஒரு பூந்தோட்டம், நின்று படம் எடுக்க ஒரு சட்டகம். திறப்பு நாளில் நல்ல கூட்டம்.

அடுத்த மாரி முடிய முன்பே பூங்கன்றுகளை மாடு தின்றுவிட்டது. நெல் வெட்டுக் காலத்தில் வாங்குகளில் மூட்டை அடுக்கினார்கள். மற்ற நாட்களில் அங்கே யாரும் இருந்ததை நான் காணவில்லை. மண்டபம் நடுவெயிலில் நிற்கிறது. பக்கத்தில் மரம் இல்லை. கூட்டம் நடந்தால் ஒழிய அந்தப் பக்கம் போக ஒருவருக்கும் காரணம் இல்லை.

ஓவியத்தைப் பற்றி ஒரு முதியவர் சொன்னதை அன்றே குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன். “வடிவாத்தான் கீறியிருக்கினம் பிள்ளை. ஆனா இது யாழ்ப்பாணப் பக்கத்துப் படம். பனையும் வடலியுமா நிக்குது. எங்கட ஊரில பாலையும் முதிரையும் வீரையும் எல்லோ?”

ஓவியர்கள் தங்கள் வேலையை நன்றாகவே செய்தார்கள். அவர்களுக்கு ஊரை யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. அந்தப் பொறுப்பு எங்களுடையது.

இரண்டு கிழமை பார்த்தது

மிச்சமிருந்த காசைச் செலவழிக்க முன், சனம் உண்மையில் எங்கே நிற்கிறது, எங்கே இருக்கிறது என்று பார்ப்பது என முடிவு செய்தோம். வில்லியம் வைட் என்ற அமெரிக்கர் 1970களில் நியூயோர்க் சதுக்கங்களை இப்படித்தான் படித்தார். கமரா வைத்துப் படம்பிடித்து, யார் எங்கே எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்று எண்ணினார். இருக்க வசதி உள்ள இடத்தில்தான் சனம் இருக்கும் என்ற, கேட்டால் மிக எளிமையாகத் தெரியும் முடிவை ஆதாரத்தோடு காட்டினார்.

நாங்கள் கமரா வைக்கவில்லை. போர்க்காலத்திலும் முகாமிலும் பதிவு, படம், தலை எண்ணுதல் என்று நிறையப் பட்ட சனம் இது. ஊரில் ஒரு கமரா கண்காணிக்கிறது என்றால் அது வேறு பொருள் தரும். குறிப்புப் புத்தகமும் பேனையும் போதும் என்று வைத்துக்கொண்டோம். காலையில் 2 மணித்தியாலம், பின்னேரம் 2 மணித்தியாலம். என்னோடு ஊரின் உயர்தர மாணவன் ஒருவனும் மாதர் சங்கத்து அக்கா ஒருவரும் மாறி மாறி இருந்தார்கள். ஏன் இருக்கிறோம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் உள்ளதைச் சொன்னோம்.

மூன்றாம் நாளே விடை தெரிந்துவிட்டது. குளக்கட்டின் வடக்கு முனையில், வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் துருசுக்குப் பக்கத்தில், பின்னேரம் நாலு மணியில் இருந்து இருட்டும் வரை ஊரில் பாதி அங்கே வந்து போகிறது. பெண்கள் குளிக்கவும் தோய்க்கவும் வருகிறார்கள். வலை இழுத்தவர்கள் திலாப்பியாவைக் கரையில் கொட்டி விற்கிறார்கள். பாண் ஓட்டோ பாட்டைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது. வயலால் வருபவர்கள் கால் கழுவுகிறார்கள். இளையவர்கள் கட்டின் மேலே வரிசையாக இருந்து தொலைபேசி பார்க்கிறார்கள். ஊரிலேயே உயரமான இடம் என்பதால் சிக்னல் நன்றாகக் கிடைப்பது அங்கேதான். கொரோனா காலத்தில் பிள்ளைகள் இணைய வகுப்புக்குக் கொப்பியோடு வந்து இருந்ததும் இந்தக் கட்டில்தான் என்று ஒரு தாய் சொன்னார். நாங்கள் தேடிக்கொண்டிருந்த டிஜிட்டல் பொது இடம் ஏற்கெனவே அங்கே இருந்தது.

ஐந்தாம் நாள் நடந்ததுதான் வேலையின் போக்கையே மாற்றியது. தோய்த்த உடுப்போடு நின்ற ஒரு ஆச்சி தன் பேத்தியிடம், “நான் கூழாவடியில குளிச்சிட்டு வாறன், நீ போ” என்றார். என் பக்கத்தில் இருந்த மாணவன் என்னைப் பார்த்து, “அக்கா, கூழாவடி எண்டா எங்க?” என்று கேட்டான்.

அவன் இருந்துகொண்டிருந்த இடம்தான் கூழாவடி. ஒவ்வொரு பின்னேரமும் அவன் அங்கேதான் இருக்கிறான். அவனுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் அது ரவரடி, தொலைபேசிக் கோபுரம் தெரிகிற இடம். முன்பு அங்கே ஒரு பெரிய கூழாமரம் நின்றது. பங்கருக்கு மரம் தறித்த காலத்தில் அதுவும் போனது. மரம் போய் இவ்வளவு காலத்துக்குப் பிறகும் ஆச்சி அதன் அடியில்தான் குளித்துக்கொண்டிருந்தார்.

அன்றிரவு நாங்கள் கூடிக் கதைத்து, கட்டுவதைப் பற்றி இப்போது யோசிப்பதில்லை, முதலில் பெயர்களைச் சேர்ப்போம் என்று தீர்மானித்தோம்.

தரையில் கீறிய ஊர்

எப்படிச் சேர்ப்பது என்பதில் எங்களுக்குள் இரண்டு கருத்து இருந்தது. ஐ.நா.வின் குடியிருப்பு அமைப்பான யுஎன்-ஹபிற்றாற் 2012 இல், கட்டைகளை அடுக்கிக் கட்டும் மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டை உருவாக்கிய நிறுவனத்தோடு சேர்ந்து ‘புளொக் பை புளொக்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. நைரோபியின் கிபேராவில் ஒரு விளையாட்டுத் திடலைச் சனமே கணினியில் கட்டிப் பார்த்துத் திட்டமிட்டது. அதை இங்கேயும் செய்யலாம் என்று எங்களில் இளையவர் ஒருவர் விரும்பினார். நல்ல யோசனைதான். ஆனால் பெயர்கள் இருந்தது அறுபது வயதைத் தாண்டியவர்களிடம். அவர்களைத் திரைக்கு முன்னால் இருத்தினால் பிள்ளைகள் செய்வதைப் பார்த்துவிட்டு எழும்பிப் போய்விடுவார்கள். அவர்களின் கைக்குப் பழகியது நிலம். ஆகவே நிலத்திலேயே கீறுவது என்று எடுத்தோம்.

இடம் முன்பள்ளி வளவு. கோயில் முற்றம் விசாலம் என்றாலும் அங்கே எல்லோரும் ஒரே உரிமையோடு வந்து இருக்க மாட்டார்கள் என்று மாதர் சங்கத்து அக்கா எச்சரித்தார். அவர் சொன்னதைக் கேட்டது நல்லதாய்ப் போயிற்று.

செங்கல் தூளால் குளத்தைக் கீறினார்கள், சாம்பலால் வாய்க்காலை. கிணற்றுக்குப் புளியங்கொட்டை, கோயிலுக்குச் செம்பரத்தம் பூ, பழைய கடைகளுக்குப் போத்தல் மூடி. முதல் ஒரு மணித்தியாலம் ஆண்கள்தான் கீறினார்கள். அது வயலும் வாய்க்காலும் துருசுமான ஊர். பிறகு பெண்கள் இறங்கினார்கள். நல்ல தண்ணிக் கிணறு, விறகுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை, இருட்டினால் தனியாகப் போகக்கூடாத வளைவு, மருத்துவிச்சி இருந்த வளவு எல்லாம் அப்போதுதான் வந்தன. இரண்டு ஊர்களும் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. முன்பு இங்கே தண்ணீர் திறந்துவிடும் வேலை பார்த்த ஒரு ஐயா முழங்கால் மடக்கி இருந்து, கீழ்வயலின் ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் சொன்னார். இரண்டு பிள்ளைகள் எழுதிக்கொண்டே இருந்தார்கள்.

தரையில் இருந்ததைப் பெரிய தாளுக்கு மாற்றினோம். பிறகு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றினோம். 2004 இல் இங்கிலாந்தில் தொடங்கிய அந்த வரைபடத்தை யாரும் பார்க்கலாம், யாரும் திருத்தலாம். தரவைத் தொலைபேசியில் இறக்கி வைத்தால் இணையம் இல்லாமலே பாவிக்கலாம், இந்த ஊருக்கு அது மிக முக்கியம். மாணவன் செய்மதிப் படத்தின் மேல் குளத்தையும் ஒழுங்கைகளையும் வாய்க்கால்களையும் கீறினான். நடந்து பார்த்து உறுதிசெய்தது, வெடிபொருள் அகற்றி ஒப்படைக்கப்பட்டு இப்போது சனம் நடமாடும் பாதைகளை மட்டும். காட்டுக்குள் போகும் பழைய பாதைகளைப் பெரியவர்கள் தரையில் கீறிக் காட்டினார்கள். அவற்றில் ஒன்றில்கூட நாங்கள் கால் வைக்கவில்லை, வரைபடத்திலும் போடவில்லை.

எதைப் போடுவதில்லை

இதற்கு மட்டும் மூன்று கூட்டம் தேவைப்பட்டது. முழு வேலையிலும் அதிக நேரம் எடுத்தது இதுதான், எடுக்க வேண்டியதும் இதுதான்.

திறந்த வரைபடத்தில் ஒன்றை ஏற்றினால் அது உலகத்துக்குப் போய்விடும். நீங்கள் அழித்தாலும் பழைய வரலாறு அங்கே இருக்கும். இதை முதல் கூட்டத்திலேயே தெளிவாகச் சொன்னோம். வீடுகளைப் பெயரோடு போடுவதில்லை என்று உடனே உடன்பட்டார்கள். பெண்கள் தனியாகப் பிள்ளைகளோடு இருக்கும் வீடுகள் ஊரில் பல. காட்டோரத்தில் மாடு வளர்ப்போர் நேர்ந்து பொங்கும் ஐயன் கோயிலைப் போட வேண்டாம் என்றார்கள், அது கேட்டுப் போகும் இடம் இல்லை, அழைத்துப் போகும் இடம் என்று ஒருவர் சொன்னார். இடம்பெயர்ந்த நாட்களில் அவசரமாகப் புதைத்த இரண்டு இடங்களைத் தரையில் ஒரு அம்மா பூ வைத்துக் காட்டினார். தாளுக்கு மாற்றும்போது அந்தப் பூக்களை அவரே எடுத்துக்கொண்டார். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

கடினமாக இருந்தது பழைய வயல். இடம்பெயர முன் விதைத்த வயல் ஒன்று பற்றை மூடிக் கிடக்கிறது. இப்போது அதற்குள் ஒரு திணைக்களத்தின் எல்லைக்கல் நிற்கிறது. அந்த வயலின் பெயரை வரைபடத்தில் போட்டால் தங்கள் உரிமைக்கு அது சாட்சியாகும் என்று சிலர் நம்பினார்கள். வேறு சிலர் அதையே காட்டி வழக்கு வரும் என்று பயந்தார்கள். திறந்த வரைபடம் சட்டப்படி காணிக்கு ஆதாரமாகாது. நம்பிக்கையையும் பயத்தையும் அதன் மேல் ஏற்றுவது சரியில்லை என்று சொன்னோம். அந்த வயலின் பெயர், விதைத்தவர்களின் பெயர், எல்லை மரங்கள் எல்லாவற்றையும் தனியாகத் தாளில் எழுதி, பேர்மிற் (காணி அனுமதிப்பத்திரம்) பிரதிகளோடு சேர்த்துக் கமக்காரர் அமைப்பிடமே கொடுத்தோம். இலவசச் சட்ட உதவிக்கு வழி காட்டினோம். அது இன்னும் முடியாத கதை.

மூன்று பெயர்

சரி, போடுவது என்று முடிவான இடங்களுக்கு எந்தப் பெயர்? பழைய ஊரவர்களுக்கு அது கூழாவடி. இளையவர்களுக்கு ரவரடி. மலையகத்தில் இருந்து வந்த குடும்பங்கள் முதன்முதல் கொட்டில் போட்டது அந்தப் பக்கத்தில்தான், அவர்கள் அதைக் கொட்டிலடி என்று சொல்லிவந்திருக்கிறார்கள். அது பொதுக்கூட்டத்தில் ஒருநாளும் வெளியே வந்ததில்லை. “எங்கட பேரையும் எழுதுவீங்களா?” என்று ஒரு வயதான அம்மா கேட்டபோது கூட்டம் கொஞ்சம் அமைதியானது. நாற்பது வருடத்துக்கு மேல் அவர் இந்த ஊரில் இருக்கிறார்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் முதன்மைப் பெயருக்கு ஒரு கட்டம், மாற்றுப் பெயருக்கு ஒன்று, பழைய பெயருக்கு ஒன்று என்று தனித்தனியே உண்டு. தமிழுக்கும் சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் தனியிடம் உண்டு. தொழில்நுட்பம் இடம் கொடுத்தது. ஆனால் முதன்மைக் கட்டத்தில் ஒன்றுதான் நிற்கும். கைதூக்கிக் கேட்கலாம் என்று நான் சொன்னேன், முதியவர்கள் மறுத்தார்கள். கைதூக்கினால் தோற்றவர் இருப்பார் என்றார்கள். கடைசியில் கூழாவடி முதன்மையாகவும் மற்ற இரண்டும் மாற்றுப் பெயர்களாகவும், ஊரில் நடும் பலகையில் மூன்றும் ஒரே அளவு எழுத்திலும் என்று முடிந்தது. எழுத்தின் அளவைச் சொன்னது ரவரடிப் பொடியன் ஒருவன்தான்.

கட்டியது

பலகைகளை ஊர்ப்பிள்ளைகளே எழுதினார்கள், முதல் முறை வந்த ஓவியர்களில் ஒருவர் திரும்ப வந்து எழுத்துக் கோலம் மட்டும் பழக்கிக்கொடுத்தார். மண்டபச் சுவரின் பனைகளுக்குப் பக்கத்தில் பாலையும் முதிரையும் வீரையும் கீறினார்கள். அவற்றுக்கு நடுவே ஒரு கூழா.

கூழாவடியில் சனம் இருக்க ஒரு குந்து, அதாவது திண்ணை, கட்ட வேண்டும் என்பது எல்லோருடைய விருப்பமும். ஆனால் குளக்கட்டு எங்களுக்குச் சொந்தமானது இல்லை. 80 ஹெக்டேயருக்கு மேற்படாத நிலத்துக்கு நீர் கொடுப்பவை சிறு குளங்கள். அவை கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருகின்றன, நாளாந்தப் பொறுப்பு கமக்காரர் அமைப்பிடம் இருக்கிறது. கேட்டபோது இரண்டு விடயம் சொன்னார்கள். கட்டின் உச்சியைத் தோண்டக்கூடாது. கட்டில் மரம் நடவே கூடாது, வேர் உள்ளே போய், பிறகு அது உக்கினால் அந்தத் துளை வழியாகத் தண்ணீர் கசிந்து கட்டு உடையும். புதிய கூழாமரத்தை அதே இடத்தில் நடுவது என்று நான் மனத்தில் படம் போட்டு வைத்திருந்தேன், அது அங்கேயே முடிந்தது. குந்தைக் கட்டின் அடிக்கு வெளியே, துருசுக்கு எதிர்ப்புறத் தரையில் கட்டினோம். கன்றுகளை இன்னும் தள்ளி நட்டு அலம்பல் வேலி அடைத்தோம். கொத்தனாருக்குக் கூலி கொடுத்தோம், மண்ணும் கல்லும் ஊர் உழவு இயந்திரத்தில் வந்தது.

குரல்களையும் சேர்த்தோம். ஒவ்வொரு இடத்தைப் பற்றியும் ஒரு பெரியவர் ஒன்றரை நிமிடம் சொல்வதைத் தொலைபேசியில் பதிந்து, பலகையில் கியூஆர் குறி ஒட்டினோம். அது பெரிதாகப் பயன்படவில்லை. கட்டைத் தவிர மற்ற இடங்களில் சிக்னல் இல்லை. வெயிலுக்குக் குறி வெளிறியது. கதை சொன்னவர்களிடமே அதைக் கேட்கத் தொலைபேசி இல்லை. விதைப்புக்கு முன் குளக்கட்டுப் பிள்ளையாருக்குப் பொங்கும் நாளில் ஒலிபெருக்கி பூட்டுவார்கள். அந்த ஒலிபெருக்கியில் அந்தப் பதிவுகளைப் போடலாமே என்று பாண் ஓட்டோக்காரத் தம்பி சொன்னார். பாட்டுக்கு நடுவே ஒவ்வொன்றாகப் போட்டோம். பொங்கல் பானைக்குப் பக்கத்தில் நின்ற சனம் தங்கள் குரலைத் தாங்களே கேட்டது. மருத்துவிச்சி வளவைப் பற்றிச் சொன்ன ஆச்சியின் குரல் வந்தபோது, “அவ கையில பிறந்தனாங்கள்தான் பாதிப்பேர்” என்று பின்னால் இருந்து யாரோ சொன்னார்கள். என் இத்தனை வருட வேலையில் நான் கண்ட மிக நல்ல பின்னேரங்களில் அது ஒன்று.

பிறகு நடந்தவை

குந்து ஒருநாளும் வெறுமையாக இருந்ததில்லை. அதனாலேயே ஒரு தீமையும் வந்தது, அதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. இருக்க வசதி வந்ததும் ஆண்கள் பின்னேரம் முழுவதும் அங்கேயே இருக்கத் தொடங்கினார்கள். கையில் கமரா உள்ள தொலைபேசி. பெண்கள் குளிக்க வரும் நேரம் குறுகிக்கொண்டே போனது. மூன்று மாதம் கழித்து ஒரு அக்கா என்னிடம், “குந்து வந்தது நல்லதுதான் தங்கச்சி. ஆனா எங்கட பின்னேரம் போட்டுது” என்றார்.

முதல் இரண்டு கிழமையும் எடுத்த குறிப்புகளில் பெண்கள் அங்கே நின்ற நேரம் எழுதப்பட்டிருந்தது. குந்தின் முகம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று தீர்மானித்தபோது அந்தக் குறிப்பை நாங்கள் திறந்து பார்க்கவில்லை. மாதர் சங்கம் கூட்டம் கூட்டியது. குளிக்கும் துறைக்குக் கிடுகு மறைப்பு கட்டினார்கள், பிறகு அதைத் தகரமாக மாற்றினார்கள். குந்தின் பக்கத்தில் ‘இங்கே படம் எடுக்க வேண்டாம்’ என்று இளைஞர்களே எழுதி வைத்தார்கள். நிலைமை திருந்தியது, முழுக்கத் திருந்தவில்லை.

வரைபடத்திலும் சிக்கல் வந்தது. எங்கேயோ இருந்த ஒரு பயனர் கூழாவடியின் பெயரை எடுத்துவிட்டுத் தொலைபேசிக் கோபுரத்தை மட்டும் விட்டிருந்தார். செய்மதிப் படத்தில் அங்கே மரம் இல்லையே என்பது அவர் எண்ணம். மாணவன் திருத்த வரலாற்றைப் பார்த்துக் கண்டுபிடித்து, அவருக்குப் பண்பாக எழுதினான். மரம் இல்லை, பெயர் இருக்கிறது என்று விளக்கினான். அவர் ஏற்றுக்கொண்டார்.

அம்புலன்ஸ் விடயம்தான் எங்களுக்குப் பெரிய பாடம். மறுபடி ஒரு இரவு அழைக்க வேண்டி வந்தபோது சாரதியின் தொலைபேசியில் இருந்தது கூகிள் வரைபடம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நாங்கள் ஏற்றியது அதில் தெரியாது, இரண்டும் வேறு வேறு. இதை ஊருக்கு நாங்கள் தெளிவாகச் சொல்லியிருக்கவில்லை. வீட்டார் வாட்ஸ்அப்பில் இருப்பிடத்தை அனுப்பினார்கள். கூடவே, “மெயின் றோட்டில பச்சைப் பலகை, கூழாவடி எண்டு எழுதியிருக்கும், அதால திரும்புங்கோ” என்றும் சொன்னார்கள். சாரதி பலகையைப் பார்த்துத் திரும்பினார். அதற்குப் பிறகு கூகிளுக்கும் திருத்தங்களை அனுப்பினோம். சில ஏற்கப்பட்டன, சில இன்னும் நிலுவையில்.

மறுபடி செய்தால்

படிவத்தை அனுப்ப முன் ஊரில் இருந்து பார்ப்பேன். பெண்களோடு தனியாக ஒரு தரைவரைபடம் முதலில் கீறுவேன், பொதுக்கூட்டம் அதன் பிறகு. பலகைக்குக் கொடுத்த காசில் பாதியைப் பராமரிப்புக்கு என்று கமக்காரர் அமைப்பின் கணக்கில் போட்டுவிடுவேன், வர்ணம் ஒரு மாரிக்கு மேல் தாங்காது. எந்த வரைபடம் எங்கே தெரியும் என்பதை முதல் நாளே இரண்டு தொலைபேசிகளை அருகருகே வைத்துக் காட்டுவேன். குரல் பதிந்தவர்களில் இருவர் இப்போது உயிரோடு இல்லை. அவர்கள் காலத்துக்குப் பிறகு அந்தக் குரலை என்ன செய்யலாம் என்று அவர்களிடமே கேட்டு எழுதி வைத்திருக்க வேண்டும். கேட்கவில்லை. இப்போது பிள்ளைகளின் சம்மதத்தோடு வைத்திருக்கிறோம்.

வரைபடத்தை ஒரே பிள்ளையின் கையில் விட்டதும் பிழை. அவன் பல்கலைக்கழகம் போய்விட்டான். போக வேண்டியவன்தான், எல்லோருக்கும் சந்தோசம். ஆனால் அவன் போன பிறகு எட்டு மாதம் ஒரு திருத்தமும் நடக்கவில்லை. இப்போது இரண்டு பெண்பிள்ளைகள் பழகிக்கொண்டிருக்கிறார்கள். லீவில் வரும்போது அவன் குந்தில் இருந்து சொல்லிக்கொடுக்கிறான்.

கடைசியாக நான் போனது ஒரு ஐப்பசியில். காட்டோரப் பலகையை யானை சாய்த்திருந்தது. யாரோ அதை எடுத்து முதிரைக் கட்டை ஒன்றில் கம்பியால் கட்டி நிமிர்த்தியிருந்தார்கள். அதில் எழுதியிருந்த இரண்டு பெயருக்குக் கீழே, வெண்கட்டியால், எங்களிடம் ஒருவரும் சொல்லாத மூன்றாம் பெயர் ஒன்று இருந்தது. மழைக்கு அழிய முன் அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். யார் எழுதியது என்று அந்த இரண்டு பிள்ளைகளும் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.